வெதர்பிக்கு ஓர் இலை

"…அதுவும் ஆரெண்டே தெரியாத ஒரு வெள்ளைக்காரன்ர பேர். இதை நான் ஏனப்பா காவிக்கொண்டு திரிய வேணும்?" என்று மகள் கேட்டு வாய் மூடவும், கண் வைத்தியரின் அறைக்கதவு திறக்கவும் சரியாக இருந்தது. வெளியே வந்த தாதி கையிலிருந்த கடதாசியைப் பார்த்து "வெதர்பி?" என்று கூப்பிட்டாள். நான் எழுந்து நின்றேன். அவளுடைய பார்வை என் தோளுக்கு மேலாகப் போய், பின்கதிரையில் ஊன்றுகோலோடு இருந்த நரைத்த டேனிஷ்காரரிடம் நின்றது. "வெதர்பி?" என்று அவரைப் பார்த்து இன்னும் உரத்துக் கூப்பிட்டாள். மனிசனுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்திருப்பாள். அவர் பாவம், தான்தான் வெதர்பியோ என்று ஒரு கணம் தன்னையே சந்தேகப்பட்டு எழும்பப் பார்த்தார். "நான்தான்," என்றேன். "இல்லை, நான் வெதர்பியைக் கூப்பிடுகிறேன்," என்றாள் தாதி, மிகவும் மரியாதையாக. மகள் என்னைப் பார்த்து, 'கண்டீங்களோ?' என்பதுபோல இரண்டு கைகளையும் விரித்தாள்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் குகதாசன் வெதர்பி. சொந்த இடம் மானிப்பாய்ப் பக்கம். டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்துக்கு வந்து நாற்பது வருடத்தைத் தொடப்போகிறது. அதில் முப்பது வருடம் யன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பொதிகட்டும் பகுதியில் நின்றேன். இப்போது பென்சன். நெற்றியில் திருநீறு, தபால் பெட்டியில் அமெரிக்கப் பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவன் என்னிடம் வந்து நீளமாக ஏதோ கேட்டான். அந்தக் காலத்தில் டேனிஷில் எது கேட்டாலும் 'ஓம்' என்று தலையாட்டுவதுதான் எனக்குத் தெரிந்த மரியாதை. ஆட்டினேன். அதற்குப் பிறகு அவன் சாப்பாட்டு நேரங்களில் தன் கேக்கில் பாதியை எனக்குத் தருவான், தோளில் தட்டுவான், கண் கலங்குவான். ஒரு வருடம் கழித்துத்தான் விளங்கியது, அவன் அன்றைக்குக் கேட்டது, 'தாய் தகப்பன் இல்லாத உன்னை ஓர் அமெரிக்கக் குடும்பம் தத்தெடுத்ததோ?' என்று. அப்போது மறுத்திருக்கலாம். ஆனால் கேக் நல்ல கேக்.

மகள் அபிரா இங்கே பிறந்தவள், ஓகூஸ் நகரத்தில் கணினி வேலை. எங்களுக்கு அவள் ஒருத்திதான். செப்டெம்பரில் மிக்கல் நீல்சன் என்ற டேனிஷ் பையனைக் கலியாணம் செய்ய இருந்தாள். பையன் தங்கமான பையன், சோற்றைக் கையால் குழைத்துச் சாப்பிடப் பழகிவிட்டான். அந்தப் பக்கம் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெயர்தான் பிரச்சினை. கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் அன்று அவள்தான் கார் ஓட்டினாள். வழக்கம்போலப் பாதி டேனிஷ், பாதி தமிழ்.

"நீல்சன் எண்டு போட்டா ஒரு கரைச்சலும் இல்லை அப்பா. ஃபோனில ஒவ்வொரு எழுத்தாச் சொல்லத் தேவையில்லை."

"பேர் மாத்திறது சேட்டு மாத்திற மாதிரியோ பிள்ளை?"

"சரி, அவர் ஆரெண்டு நீங்கள் சொல்லுங்கோ பாப்பம்."

"என்ர பூட்டன்ர தகப்பன்ர தகப்பன். அமெரிக்கன்."

"எந்த ஊர்? என்ன வேலை? ஏன் வந்தவர்? ஏன் திரும்பிப் போனவர்?"

நான் வெளியே பார்த்தேன். மருந்து விட்ட கண்ணுக்கு மரமும் வீடும் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன.

"தெரியாது, என்ன?" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் சுட்டது. "கலியாணத்துக்கு முதல் கொமுனவுக்கு நான் பேர் குடுக்க வேணும். அதுக்கு முன்னம் நீங்கள் ஆளைக் கண்டுபிடியுங்கோ. ஆரெண்டு தெரிஞ்சா வைச்சிருக்கிறன். தெரியாட்டி என்னை விட்டிடுங்கோ."

கொமுன என்றால் நகரசபை. இங்கே பிறப்பு, இறப்பு, வீடு, பெயர் எல்லாம் அதற்குத் தெரிந்தாக வேண்டும். வெதர்பி யாரென்று மட்டும் அதற்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது அப்பா சொன்னதுதான். ஆடி அமாவாசைக்கு அவர் என்னைக் கீரிமலைக்குக் கூட்டிப்போவார். கேணியில் முழுகி எழும்பி, ஐயருக்கு முன்னால் ஈர வேட்டியோடு இருந்து, எள்ளும் தண்ணீரும் விட்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லுவார். தன் தகப்பன், தகப்பனின் தகப்பனான என்னுடைய பூட்டன், பூட்டனின் தகப்பன் சின்னத்தம்பி. ஐயர் முடிக்கப் பார்ப்பார். அப்பா விடமாட்டார். "இன்னும் ஒராள் இருக்கு ஐயா. வெதர்பி." ஐயர் ஒவ்வொரு வருடமும் முகத்தைச் சுளித்து, "இது ஆர்?" என்பார். "எங்கட ஆள்தான். நீங்கள் சொல்லுங்கோ," என்பார் அப்பா. வீட்டில் படைக்கும்போதும் அப்படித்தான். முன்னோருக்கு ஒரு தலைவாழை இலை. வெதர்பிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இலை. துரை எங்களுடைய ஆட்களோடு ஒரே இலையில் சாப்பிடுவாரோ மாட்டாரோ என்று யாருக்கும் நிச்சயம் இல்லை. "கரண்டியும் முள்ளுக்கரண்டியும் வைக்கட்டோ துரைக்கு?" என்று அம்மா ஒவ்வொரு வருடமும் கேட்பா.

துரையின் கதை இரண்டே வரிதான். அமெரிக்கப் பாதிரிமாரோடு கப்பலில் வந்தவர். இங்கே ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டு அதே கப்பலில் போனவர். அந்தப் பிள்ளை சின்னத்தம்பி மிஷன் பள்ளிக்கூடத்தில் வளர்ந்து, பிறகு திரும்பவும் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வெளி ஆட்களுக்கு இதைச் சொல்லும்போது பெருமை. அப்பப்பாவுக்குப் பூனைக்கண், அதுவே சாட்சி. ஆனால் வீட்டுக்குள் அதற்கு வேறு பயன் இருந்தது. அப்பா கோபித்துக்கொண்டு படலையைத் திறந்தால் போதும், அம்மா பின்னால் நின்று சொல்லுவா: "போங்கோ, போங்கோ. விட்டிட்டுப் போறதுதானே உங்கட பரம்பரைக் குணம்." நான் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வெளிக்கிட்ட அன்றைக்கு அம்மா அந்த வசனத்தைச் சொல்லவில்லை. பயணச் சாப்பாட்டைக் கட்டித் தந்துவிட்டுப் பேசாமல் நின்றா. சொல்லியிருந்தால் இத்தனை வருடம் அது எனக்குள் கேட்டுக்கொண்டிருக்காது என்று நினைக்கிறேன். அப்பா காலமானபோது ஊரில் சண்டை. என்னால் போக முடியவில்லை. கொள்ளி வைத்தது மச்சான்.

அதனால் இங்கே ஆடி அமாவாசையை நான் ஒரு வருடமும் விட்டதில்லை. கோயில் தூரம், அமாவாசை பெரும்பாலும் வேலை நாளில்தான் வரும். முதல் வருடம் பல்கனியில் படைத்தேன். காகம் வரும் என்று பார்த்தால் கடற்பறவைதான் வந்தது. ஒன்று, இரண்டு, பிறகு ஊரில் உள்ள எல்லாம். கீழ்வீட்டுப் பெண்ணின் காய்ந்த துணி நாசம். அவ மேலே வந்து கதவைத் தட்டி, "இது என்ன கொண்டாட்டம்?" என்றா. "என் அப்பாவுக்குச் சாப்பாடு," என்றேன். அவ உள்ளே எட்டிப் பார்த்து, "அவரை மேசையில் இருத்தினால் நல்லது," என்றா. அடுத்த வருடத்திலிருந்து ஃபியோர்ட் கரைக்குப் போகிறேன். ஃபியோர்ட் என்றால் நிலத்துக்குள் நீண்டு வந்த கடல். கரையில் கல்லுக்கு மேலே பெரிய இலை, அதற்குப் பக்கத்தில் சின்ன இலை. எனக்குப் பிறகு இதை யார் வைப்பது என்ற கேள்வி எனக்குள் எப்போதும் உண்டு. மகளிடம் அதைக் கேட்டதில்லை. பெயராவது அவளிடம் இருக்கட்டும் என்று நினைத்திருந்தேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு மிக்கல் எனக்கு ஒரு பெட்டி பரிசாகத் தந்தான். எச்சிலை ஒரு குழாயில் துப்பி அனுப்பினால், எங்கெங்கே இருந்து வந்த ரத்தம் என்று கணக்குப் பார்த்துச் சொல்லுவார்களாம். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மனைவி மலர் குசினியிலிருந்து, "தபாலில துப்பல் அனுப்பிற மனிசனை இப்பதான் காணுறன்," என்றாள். பெப்ரவரியில் பதில் வந்தது. இலங்கை, தென்னிந்தியா, அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. அமெரிக்கா இல்லை, ஐரோப்பாவில் ஒரு மூலை கூட இல்லை. பேரப்பிள்ளைக்குப் பூட்டப்பிள்ளை என்றால் ஒரு சொட்டாவது தெரிய வேண்டும் என்று அந்தக் கடதாசியே சொல்லியது.

"அப்ப உங்கட அப்பப்பாவின்ர பூனைக்கண்?" என்றாள் மலர்.

"அது பூனையின்ரதாத்தான் இருக்கும்," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் குளியலறைக்குப் போய் வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகளுக்குச் சொல்லவில்லை. அவள் கேட்டபோது, தபால் தாமதம் என்று பொய் சொன்னேன்.

கடைசியில் அந்தப் பதிலையும் எடுத்துக்கொண்டு கிர்ஸ்டனிடம் போனேன். தொழிற்சாலையில் என் பக்கத்து மேசையில் இருபது வருடம் நின்றவ. இப்போது செவ்வாய்க்கிழமைகளில் ஊர் ஆவணக் காப்பகத்தில் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறா. டேனிஷ்காரருக்குப் பென்சன் எடுத்தால் இரண்டு வருத்தம் வரும் என்று அவவே சொல்லுவா, ஒன்று முழங்கால், மற்றது குடும்ப வேர் தேடுகிறது. இந்த நாட்டில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ' தான். அவ என்னை 'நீ' என்பா, நானும் அவவை டேனிஷில் 'நீ' என்பேன், தமிழில் நினைக்கும்போது மட்டும் 'நீங்கள்' என்று நினைத்துக்கொள்வேன்.

நான் எழுதிக்கொண்டுபோன குடும்ப மரத்தில் உச்சியில் அமெரிக்கர் இருந்தார். அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தா. "நீ உச்சியில இருந்து இறங்கிறாய். விழுந்து போவாய். உன்னில இருந்து ஏறு, ஒவ்வொரு படியா. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கடதாசி காட்டு."

"கடதாசி எல்லாம் சண்டையில வீட்டோட எரிஞ்சு போச்சு."

"நோ," என்றா. இந்த 'நோ' ஆங்கில 'நோ' இல்லை. டேனிஷ்காரர் துக்கத்துக்கும் வியப்புக்கும் தேநீர் ஆறிப்போனதற்கும் சொல்லுகிற ஒரு சத்தம். "சரி, ரத்தத்தால வரேல்லை எண்டா பேர் வேற வழியால வந்திருக்கு. அந்த வழியைத் தேடுவம். செத்தவைக்கு அவசரம் இல்லை. எங்களுக்கும் வேண்டாம்."

"எனக்கு இருக்கு. செப்டெம்பரில மகளுக்குக் கலியாணம்."

அந்த வசந்தம் முழுக்கச் செவ்வாய்க்கிழமைகளில் நானும் அவவும் நிலக்கீழ் அறையில் இருந்தோம். அவ தன் குடும்பத்துப் பழைய தேவாலயப் பதிவுகளையும் எனக்குக் காட்டினா. முன்னொரு காலத்தில் அவர்களும் எங்களைப் போலத்தானாம், தகப்பன் பெயர்தான் பிள்ளைக்கு. யென்ஸின் மகன் பீட்டர் என்றால் பீட்டர் யென்சன். அந்தப் பீட்டரின் மகன் யென்ஸ் என்றால் யென்ஸ் பீட்டர்சன். தலைமுறைக்கு ஒரு பெயர். பிறகு அரசாங்கம் இனி மாற்றாதே என்று சொல்ல, எந்தத் தகப்பனின் முறையில் நின்றதோ அந்தத் தகப்பனின் பெயர் அப்படியே உறைந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. பூட்டன் வெள்ளைக்காரனிடம் கிளார்க் வேலைக்குப் போனவர். வெள்ளைக்காரப் பெயர் இருந்தால் வசதி என்று வெதர்பியை உறைய வைத்துவிட்டார். "உன்ர பூட்டனும் என்ர பூட்டனும் ஒரே விசரைச் செய்திருக்கினம்," என்றா கிர்ஸ்டன்.

பாதிரிமாரின் பழைய அறிக்கைகளை யாரோ புண்ணியவான்கள் படம்பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அவவுக்கும் ஆங்கிலம் அரைகுறை, எனக்கும் அரைகுறை. இரண்டு அரையையும் சேர்த்து வாசித்தோம். யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்கப் பாதிரிமார், வைத்தியர்மார், அவர்களின் மனைவிமார் எல்லாருடைய பெயரும் இருந்தது. வெதர்பி என்று ஒருவர் வரவே இல்லை. கப்பலும் இல்லை, துரையும் இல்லை. அப்பா எள்ளுத் தண்ணீர் விட்ட கை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். கிர்ஸ்டன் மட்டும் பக்கத்தைத் தட்டிக்கொண்டே இருந்தா. அடுத்த செவ்வாய்க்கிழமை, விடுதிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பட்டியல் ஒன்று அகப்பட்டது. பெயர்களை மட்டும் வாசித்தால் அமெரிக்காவில் ஏதோ ஒரு வகுப்பறை என்று நினைப்பீர்கள். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் வேலன், கதிர்காமன், முருகேசு. அதற்குப் பக்கத்தில் ஓர் அமெரிக்க ஊரின் பெயர். அந்த ஊரில் யாரோ ஒருவர் அந்தப் பிள்ளையின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் பொறுப்பு. பொறுப்பெடுத்தவர் எந்தப் பெயரை வைக்கச் சொன்னாரோ அதுதான் பிள்ளைக்குப் பெயர். பட்டியலின் நடுவில் கிர்ஸ்டனின் விரல் நின்றது. வெதர்பி. அடைப்புக்குறிக்குள் சின்னத்தம்பி. பக்கத்தில் மசாசூசெட்ஸில் ஒரு சிறிய ஊர், ஒரு பெண்ணின் பெயர்.

"துரை இல்லை," என்றா கிர்ஸ்டன். "அம்மா."

அந்த ஊரிலும் செவ்வாய்க்கிழமைக்காரர் இருக்கிறார்கள். உலகம் முழுக்க இருப்பார்கள்போல. கிர்ஸ்டன் அவர்களுக்கு எழுதினா. ஜூன் மாதம் பதில் வந்தது. ஒரு படமும் ஒரு கடிதத்தின் பிரதியும். படத்தில் ஒரு சின்னக் கல்லறைக்கல், முழங்கால் உயரம்கூட வராது. உச்சியில் படுத்திருக்கிற ஆட்டுக்குட்டி, மழையில் கரைந்து சவர்க்காரக்கட்டிபோல ஆகியிருந்தது. அதன் கீழே எங்கள் தபால் பெட்டியில் இருக்கிற அதே பெயர். வயது ஒன்பது வருடம், நான்கு மாதம், பதினொரு நாள். அந்த நாட்டில் அப்படித்தான் பொறிப்பார்களாம், நாளையும் விடாமல்.

கடிதம் தாய் யாழ்ப்பாணத்துப் பாதிரிமாருக்கு எழுதியது. என் வார்த்தையில் சொல்லுகிறேன். அவவுக்கு ஒரே பிள்ளை. அவன் போன பிறகும் பின்னேரங்களில் பின்கதவைத் திறந்துகொண்டு நிற்கிறாவாம், கூப்பிடுவதற்கு யாரும் இல்லை. நீங்கள் இருக்கிற நாட்டில் ஒரு பிள்ளைக்குச் சாப்பாடும் படிப்பும் நான் தருகிறேன், அவனுக்கு என் மகனின் பெயரை வையுங்கள் என்று கேட்கிறா. பிள்ளை கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்றோ, தன்னை நினைக்க வேண்டும் என்றோ கேட்கவில்லை. முற்றத்தில் நின்று யாராவது அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

கிர்ஸ்டன் கோப்பியை ஊற்றினா, குடிக்கவில்லை. "நான் ரெண்டாவது கிர்ஸ்டன்," என்றா பிறகு. "எனக்கு முதல் ஒராள் இருந்தவ, ஏழு மாதம். இஞ்ச முந்தி அப்பிடித்தான், அடுத்த பிள்ளைக்கு அதே பேர். சின்ன வயசில அம்மா என்னைக் கூப்பிடேக்க, எங்கள் ரெண்டு பேரில ஆரைக் கூப்பிடுறா எண்டு யோசிப்பன்." எங்கள் ஆட்கள் செத்த பிள்ளையின் பெயரை அடுத்ததுக்கு வைக்கவே பயப்படுவார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இருபது வருடம் பக்கத்து மேசையில் நின்றிருக்கிறோம். இது எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது நெஞ்சில் ஏதோ கழன்றதுபோலவும், ஏதோ ஏறி இருந்ததுபோலவும் இருந்தது. கழன்றது அம்மாவின் வசனம். எங்களில் யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போன பரம்பரை இல்லை. அப்படி ஒருவர் இருக்கவே இல்லை. ஆனால் அதோடு என் வழக்கும் தோற்றுப்போயிற்று. மகள் கேட்டது மூதாதை யாரென்று. மூதாதையே இல்லை. இல்லாத சொந்தம் ஒன்றை வைத்துக்கொண்டு அவளிடம் நான் எப்படி வாதாடுவது? மலரிடம் சொன்னேன். அவள் கடிதத்தை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பெத்தவள் பாவம்," என்றாள். கொஞ்சம் கழித்து, "பிள்ளைக்கு உள்ளதைச் சொல்லுங்கோ. பொய் சொல்லிப் பேரைக் காப்பாத்த வேண்டாம்," என்றாள்.

ஆடி அமாவாசை அன்று காலை அபிரா ஓகூஸிலிருந்து ரயிலில் வந்தாள். விண்ணப்பத்தைத் தொலைபேசியில் நிரப்பி வைத்திருந்தாள். அனுப்புவதற்கு முன் எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வந்திருந்தாள். அப்படிப்பட்ட பிள்ளை. மலர் முழங்கால் நோவால் வீட்டில் நிற்க, நான் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கினேன்; மகள் கூடவே நடந்து ஃபியோர்ட் கரைக்கு வந்தாள். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். எச்சில் பரிசோதனையை மறைத்ததையும் சொன்னேன். கடிதத்தை அவளே வாசித்தாள். எனக்கும் கிர்ஸ்டனுக்கும் இரண்டு செவ்வாய்க்கிழமை பிடித்ததை அவள் நடந்துகொண்டே வாசித்து முடித்தாள்.

"அப்ப அவர் எங்கட ஆளே இல்லை," என்றாள்.

"ஒரு சொட்டும் இல்லை பிள்ளை. நான் தோத்திட்டன். நீ நீல்சன் எண்டே போடு. எனக்கு மனவருத்தம் இல்லை." கடைசி வசனம் பொய். மற்றதெல்லாம் உண்மை.

நான் கல்லுக்கு மேலே இலைகளை விரித்தேன். தமிழ்க் கடையில் வாங்கிய உறையவைத்த வாழையிலை, நடுவில் கொஞ்சம் கறுத்திருந்தது. அப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் பெரியது. வழக்கப்படி பக்கத்தில் சின்னது. இரண்டிலும் சோறு, பருப்பு, பாவற்காய்க் குழம்பு, காத்தோட்டிக்காய். காத்தோட்டிக்காய் தெரியாதவர்களுக்கு, ஊரில் ஆடி அமாவாசைக்கு மட்டும் சமைக்கிற ஒரு கசப்பு. யாராவது கொழும்பிலிருந்து வரும்போது வற்றலாகக் கொண்டுவருவார்கள். வெங்கடாசலம் என்று நான் பெயர் வைத்திருக்கிற, வருடா வருடம் முதலில் வருகிற ஒற்றைக்கால் நொண்டிக் கடற்பறவை தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் பெயர்களைச் சொல்லத் தொடங்கினேன். அப்பா, அப்பப்பா, பூட்டன், சின்னத்தம்பி. அதற்கு மேல் வாய் வரவில்லை. இப்போது என்ன உரிமையில் அதைச் சொல்லுவது?

அபிரா சின்ன இலைக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"இது என்னப்பா?"

"காத்தோட்டிக்காய்."

"இது?"

"பாவற்காய்."

"ஒவ்வொரு வருசமும் இதைத்தான் குடுத்தனீங்களோ?"

"ஓம். உன்ர அப்பப்பாவும் இதைத்தான் குடுத்தவர். அவருக்கு முதலும்."

"ஒன்பது வயசுப் பிள்ளைக்கு?"

அவள் விரலால் பாவற்காயை ஒவ்வொரு துண்டாக எடுத்தாள், காத்தோட்டிக்காயையும் எடுத்தாள். எறியவில்லை, தன் வாயில் போட்டுக்கொண்டாள். முகம் கோணியது, கண்ணில் தண்ணீர் வந்தது, விழுங்கினாள். பெரிய இலையிலிருந்து உழுந்து வடையை எடுத்துச் சின்ன இலையில் வைத்தாள். தன் பைக்குள் கைவிட்டு, ரயில் நிலையத்தில் வாங்கிப் பாதி தின்ற இனிப்பான கறுவாப் பணிசை எடுத்து, கடித்த பக்கத்தைப் பிய்த்துவிட்டு அதையும் வைத்தாள். பிறகு தொலைபேசியைத் திறந்து, நிரப்பி வைத்திருந்த விண்ணப்பத்தை அழித்தாள். மிக்கலுக்கு ஒரு வரி எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன், மறைக்கவில்லை. 'பேரை மாத்தேல்லை. பிறகு சொல்லுறன்' என்று டேனிஷில் இருந்தது.

எழுந்து தண்ணீர் ஓரத்துக்குப் போனாள். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, "வெதர்பி!" என்று கூப்பிட்டாள். நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு டேனிஷ் சோடி திரும்பிப் பார்த்தது. கடற்பறவைகள் கலைந்து எழும்பின. "வெதர்பி!" என்று இன்னும் உரத்துக் கூப்பிட்டாள், விளையாட்டு விட்டு வராத பிள்ளையைத் தாய் கூப்பிடுகிற குரலில். "சாப்பாடு ஆறுது, வா!" இது தமிழில். பிறகு அதையே டேனிஷில், அதன் பிறகு ஆங்கிலத்தில். எந்தப் பாஷை விளங்குமோ என்று அவளுக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, அக்கரையிலிருந்து யாரோ ஓடிவரப்போவதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.